கடத்தும் கடத்தலும்: பாலக்காடு, இடுக்கி எல்லைவாயில்களின் சொல்வரலாறு

ஒரு நாட்டின் அல்லது மாநிலத்தின் எல்லைவாயிலில் இரு வேலைகள் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. வரத்தக்கதை வரவிடுதல் ஒன்று. வரத்தகாததைத் தடுத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே ஆள், ஒரே இடத்தில், பெரும்பாலும் ஒரே பார்வையில் செய்து முடிக்கவேண்டியுள்ளது. ஆட்சியியலாரும் சட்டவியலாரும் இச்சிக்கலைப் பலவாறாக ஆராய்ந்துள்ளனர். மொழியியலார் இதில் கருத்துச் செலுத்தியது குறைவு. ஆயினும் வாயிலில் நிற்பவரும் வாயிலைக் கடப்பவரும் வெவ்வேறு மொழி பேசுவோராக இருக்கும்போது, தடுத்தலுக்கும் விடுத்தலுக்கும் இடையேயுள்ள கோடு சொற்களாலேயே வரையப்படுகிறது. பாலக்காட்டு மாவட்டத்தின் வாளையார், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் ஆகிய வாயில்களையும், இடுக்கி மாவட்டத்தின் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு ஆகிய வாயில்களையும் களமாகக் கொண்டு, அங்கு வழங்கிய, வழங்கும் சில சொற்களின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. உல்கு, சுங்கம், ஆயம்

மலைபடு பொருள்கள் கீழ்நாட்டுக்கு வந்த வழிகளைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகச் சாத்து செல்லும் பெருவழியை அந்நூல் விரிக்கிறது. அவ்வழி உல்கு உடையது; அதன் கிளைவழிகளை வில்லேந்தியோர் காத்து நின்றனர். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் நூலாதலின் இது பாலக்காட்டுக் கணவாயைக் குறித்ததன்று. எனினும் பொதி மிளகு; மிளகு மேற்குமலைப் பொருள். இங்கு உல்கும் காவலும் ஒரே தொடருக்குள் இணைந்து நிற்பது நோக்கத்தக்கது. வழிச்செல்வோர் செலுத்திய பொருள், காவலுக்கு ஈடாகச் செலுத்தப்பட்டதாகவே தோன்றுகிறது. வில்லுடையார் சாத்தினைத் தடுக்க நின்றவர் அல்லர். சாத்தினைக் கொள்ளையிடுவோரைத் தடுக்க நின்றவர். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தாரோ வேறு வகையினர். பண்டங்களை அளந்து, புலிப்பொறி இட்டு வெளிவிடுதல் அவர்தம் தொழில். மலைவழியிலும் துறைமுகத்திலும் வாயிலின் இயல்பு ஒன்றாக இல்லை என்பதற்கு இவ்விரு பாட்டுகளும் போதுமான சான்று.

உல்கு என்னும் சொல் திருக்குறளில் பொருள்செயல்வகை அதிகாரத்திலும் வருகிறது. வடமொழிச் சுல்க என்பதன் முதன்மெய் கெட்ட வடிவமே உல்கு என்றும், அதுவே பிராகிருதத்தின் வழியாகச் சுங்கம் என மீண்டும் தமிழுக்கு வந்தது என்றும் கொள்வர். அங்ஙனமாயின் ஒரே சொல் இருமுறை எல்லை கடந்து தமிழுக்குள் வந்துள்ளது. பின்வந்த வடிவமே நிலைத்தது. கன்னடத்தில் சுங்க, தெலுங்கில் சுங்கமு, மலையாளத்தில் சுங்கம் (சகரம் வல்லொலி) என அண்டை மொழிகள் அனைத்திலும் இது வழங்குவதே அதற்குக் காரணமாகலாம். எல்லையில் வழங்கும் சொல் எல்லைக்கு இருபுறத்தார்க்கும் விளங்கவேண்டுமன்றோ! முதற் குலோத்துங்கன் (1070–1122) சுங்கந்தவிர்த்த சோழன் எனப் புகழப்பெற்றான். சுங்கம் விதித்தமைக்காக எந்த மன்னனும் பெயர்பெற்றதாகத் தெரியவில்லை.

ஆயம் என்ற சொல்லின் வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்குச் சுவையானது. கிறித்தவ மறைநூலின் பழைய தமிழ்ப் பெயர்ப்புகளில் வரிதண்டுவோன் ஆயக்காரன் எனவும், அவன் அமர்ந்திருந்த இடம் ஆயத்துறை எனவும் பெயர்க்கப்பட்டன. மலையாளப் பெயர்ப்பில் அதே ஆள் சுங்கக்காரன். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ஆயத்தைக் கைவிட்டு, வரிதண்டுபவர் என்றும் சுங்கச்சாவடி என்றும் எழுதியது. இடையில் ஆயம் என்னும் சொல் பேச்சுவழக்கிலிருந்து மறைந்து, ஆயக்காரன் என்பது பாவிக்கு மறுபெயர் போலத் தேவாலயத்துக்குள் மட்டும் எஞ்சிவிட்டதே இம்மாற்றத்துக்குக் காரணம். தொழிற்பெயராக இருந்த சொல் இழிபெயராகச் சுருங்கியதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. இதற்கு நேர்மாறான, ஆயினும் இதனோடு ஒத்த ஒரு சுருக்கத்தைப் பின்னர்க் காண்போம்.

ஊர்ப்பெயர்களையும் சிறிது நோக்கலாம். பாலக்காட்டு எல்லையில் வேலந்தாவளம், அட்டப்பாடியில் தாவளம். தாவளம் என்பது தங்குமிடம். வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளில் வேளாபுரம், தாவளம் என அடுக்கி வருதலின், வணிகர் தங்கிப் பண்டம் மாற்றிய இடத்துக்கே இச்சொல் சிறப்பாக உரியது எனலாம். சிங்களத்தில் தவளம என்பது பொதிமாட்டுச் சாத்தினையே குறிக்கும். இடுக்கிப் பக்கத்து எல்லையூர்கள் மெட்டு என முடிகின்றன. மலைவழி ஏறி நீர்பிரி மேட்டைத் தொடும் இடம் மெட்டு. ஒரு பக்கத்துப் பெயர் வணிகர் இளைப்பாறியதைச் சொல்கிறது. மறுபக்கத்துப் பெயர் அவர் ஏறிய ஏற்றத்தைச் சொல்கிறது. தடுத்தலைச் சொல்லும் பெயர் இவற்றுள் ஒன்றும் இல்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் செல்லும் வழியில் வனத்துறையின் சோதனைச்சாவடி ஒன்று ஒன்பதாறு எனப்படுகிறது. 9/6 என எண்ணால் எழுதப்படும் இதனைக் கேட்ட வெளியூர்ப் பயணிகள் ஒன்பது ஆறுகளைத் தேடுவதுண்டு.

2. சவுக்கையும் 1865-ஆம் ஆண்டு உடன்படிக்கையும்

இன்று ஒரே நெடுங்கோடாகக் காட்சியளிக்கும் எல்லை, வரலாற்றில் ஒரே கோடாக இருந்ததில்லை. வாளையாரின் இருபுறமும், மலபார் மாவட்டமும் கோயம்புத்தூர் மாவட்டமும், 1956 வரை சென்னை மாகாணத்துக்கும் பின்னர்ச் சென்னை மாநிலத்துக்கும் உட்பட்டவை. ஆங்கிருந்தது மாவட்ட எல்லையே. சிற்றூர் வட்டம் கொச்சி அரசுக்கு உரியது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகியன திருவிதாங்கூரின் எல்லை. எனவே சுங்கச்சாவடி என்ற அளவில் இடுக்கிப் பக்கத்து வாயில்கள் பழையவை; வாளையார் புதியது.

சென்னை மாகாணத்துள் உள்நாட்டுச் சுங்கம், அன்றைய வழக்கில் சாயர், 1844-ஆம் ஆண்டின் ஆறாம் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதற்குமுன் ஒவ்வொரு சாவடியிலும் சரக்கு நிறுத்தப்பட்டது. சவுக்கைக்காரன் சோதித்து ரவானா எழுதிக்கொடுத்தான். சவுக்கை இந்தியிலிருந்தும் மராத்தியிலிருந்தும், ரவானா பாரசீகத்திலிருந்தும் வந்த சொற்கள். ரவானா என்பதற்குப் புறப்பட்டது, அனுப்பப்பட்டது என்பது நேர்ப்பொருள். செல்க என்னும் குறிப்புடைய சொல், நில் என்பதற்குக் காரணமான தாளுக்குப் பெயராயிற்று! வங்காளத்து உள்நாட்டுச் சுங்கத்தைப் பற்றிச் சார்லசு டிரெவெலியன் 1834-இல் எழுதிய அறிக்கை, சோதனையால் வணிகர் படும் தொல்லை அரசு பெறும் வருவாயினும் மிகுதி எனக் காட்டியது. உள்நாட்டுச் சுங்கம் நாடு முழுதும் படிப்படியாக நீங்கியதில் இவ்வறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு.

திருவிதாங்கூர், கொச்சி எல்லைகளில் அம்மாற்றம் 1865-இல் வந்தது. பிரித்தானிய இந்திய அரசும் அவ்விரு அரசுகளும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையால் நிலவழிச் சரக்குகளுக்கான சுங்கம் பெரும்பாலும் நீங்கியது. மாதவராவ் திருவிதாங்கூரின் திவானாக இருந்த காலம் அது. ஆனால் உடன்படிக்கை சவுக்கைகளை முற்றிலும் ஒழிக்கவில்லை. உப்பு, புகையிலை, அபினி முதலியவற்றின்மேல் கட்டுப்பாடு தொடர்ந்தது. யாழ்ப்பாணப் புகையிலைக்கும் கோயம்புத்தூர்ப் புகையிலைக்கும் திருவிதாங்கூரில் இருந்த விலைவேறுபாடு மலைவழிகளில் இரவு நடமாட்டத்தை வளர்த்தது. இங்கு ஒரு பண்பு மாற்றம் நிகழ்ந்தது. முன்னர் எல்லாச் சரக்கும் தீர்வைக்குரியது. ஆதலின் எல்லா வணிகரும் ஒரே நிலையினர். 1865-க்குப் பின் பெரும்பாலான சரக்கு கட்டற்றது. சில சரக்கு குற்றத்துக்குரியது. சவுக்கைக்காரனின் கேள்வி, எவ்வளவு தருவாய் என்பதிலிருந்து, எதை மறைக்கிறாய் என்பதற்கு மாறியது. தண்டுதல் குறைந்து சோதித்தல் வளர்ந்தது. பின்னர் வந்த சோதனைச்சாவடி என்ற பெயருக்கான பொருள் அப்போதே பிறந்துவிட்டது எனலாம்.

3. 1956-க்குப் பின்

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. 1972 சனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. மொழி எல்லையும் ஆட்சி எல்லையும் ஒன்றாகவேண்டும் என்ற கொள்கையால் வரையப்பட்ட கோட்டின் மேற்கே தமிழ் பேசுவோர் பெருந்தொகையாக எஞ்சினர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தத்தம் மொழியில் கடிதம் எழுதவும், அம்மொழியிலேயே விடை பெறவும் இடமளித்தது. எல்லைவாயில் அறிவிப்புகளின் மொழியைப் பற்றிப் பேசும்போது இச்சட்டம் நினைவிற்கொள்ளத்தக்கது. அங்குத் தமிழில் எழுதுவது வழிப்போக்கருக்குக் காட்டும் பரிவு மட்டுமன்று.

அரசமைப்பின் 301-ஆம் உறுப்பு, இந்திய ஆட்சிப்பரப்பு முழுவதிலும் வணிகமும் போக்குவரவும் கட்டற்றவை என்கிறது. 304-ஆம் உறுப்பு பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளை மாநிலம் விதிக்க இடந்தருகிறது. அசாம் தேயிலைக்கு விதித்த வண்டிச்சரக்கு வரி பற்றிய 1961-ஆம் ஆண்டு அதியாபாரி வழக்கு முதல், இவ்விரு உறுப்புகளுக்கும் இடையேயான இழுபறி உச்சநீதிமன்றத்தில் பலமுறை ஆராயப்பட்டுள்ளது. மாநில எல்லை நாட்டெல்லை அன்று என்பதே இவ்வுறுப்புகளின் அடிப்படை. எனவே எல்லைப் பாதுகாப்பு, ஊடுருவல் போன்ற நாட்டெல்லைச் சொற்களை வாளையாருக்கும் குமுளிக்கும் ஆளும் செய்தித்தமிழ் என் கருத்தில் தவறானது. கம்பத்திலிருந்து குமுளிக்கு வருபவர் ஊடுருவுவதில்லை. பேருந்தில் ஏறி வருகிறார்.

2017 சூலை 1-இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. வாளையாரில் பல கல் தொலைவுக்குச் சரக்குந்துகள் காத்து நின்ற காட்சி அத்தோடு பெரிதும் மறைந்தது. 2018 ஏப்பிரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் கடக்க மின்வழிச்சீட்டு போதும் என்றாயிற்று. ஓட்டுநர் வழக்கில் அது இவே பில். பழைய ரவானாவின் பேரன் என அதனைக் கூறலாம். வேறுபாடு, அது புறப்படும் இடத்திலேயே எழுதப்படுகிறது. ஆனால் வாயில் முற்றும் திறந்துவிடவில்லை. கலால், மோட்டார் வாகனம், வனம், கால்நடை, காவல் எனத் துறைதோறும் சோதனை எஞ்சியது. மீனாட்சிபுரத்தில் தமிழ்நாட்டுப் பால் சோதிக்கப்படுகிறது. மறையூர்ச் சந்தனக்காட்டின் பொருட்டுச் சின்னாற்றில் வண்டிகள் பார்க்கப்படுகின்றன. பறவைக்காய்ச்சல் பரவுங்காலத்தில் கேரளத்திலிருந்து வரும் வண்டிகளின் சக்கரங்களுக்குத் தமிழ்நாட்டுக் கால்நடைத்துறையினர் மருந்து தெளிக்கின்றனர். இவற்றின் தேவையை எவரும் மறுப்பதற்கில்லை. மறுக்கவேண்டுவது, இவை அனைத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடுவதே.

4. கடத்து, கடத்தல்

இப்போது கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், இடுக்கி எல்லையிலுள்ள ஓர் அலுவலகம் (பெயர் வேண்டா) மலையாளத்திலிருந்து தமிழாக்கிய அறிவிப்பின் வரைவொன்றை என் பார்வைக்கு அனுப்பியது. அதன் முதல் வரி இது: சரக்குக் கடத்தலுக்கு முன்பதிவு கட்டாயம். வரைவுக்கு முன்பே சிறு அட்டையொன்றில் இவ்வரியை எழுதித் தொங்கவிட்டிருந்தனர். அதனைப் படித்த சரக்குந்து ஓட்டுநர் ஒருவர், பதிஞ்சுட்டுக் கடத்தலாம்னு சர்க்காரே எழுதிவச்சிருக்கு என்று என்னிடம் கூறிச் சிரித்தார். அவர் சிரிக்கலாம். ஆனால் அத்தொடர் ஒரு வழக்கின் கோப்பிலோ வாக்குமூலத்திலோ ஏறினால் சிரிப்பதற்கு இடமிராது. சரக்கைக் கடத்தி வந்தேன் என ஒருவர் ஒப்புக்கொண்டதாக ஒரு மொழிபெயர்ப்பு சொல்லுமாயின், மூலத்தில் அவர் சொன்னது வாடகைக்குச் சரக்கு ஏற்றிவந்தேன் என்பதாக மட்டுமே இருக்கலாம்.

மூலத்தில் இருந்த சொல் சரக்குக்கடத்து. மலையாளத்தில் அதற்குச் சரக்குப் போக்குவரத்து என்றே பொருள். கடத்துகூலி வண்டிவாடகை, கடத்துதோணி ஆறு கடத்தும் தோணி, கடத்துகாரன் அத்தோணியை ஓட்டுபவன். குற்றத்தைச் சொல்ல வேண்டுமாயின் அடைமொழி வேண்டும்: கள்ளக்கடத்து. தமிழில் நிலைமை வேறு. கட என்னும் தன்வினையின் பிறவினையே கடத்து. கடக்கச் செய்தல் என்பது அதன் பழம்பொருள். காலம் கடத்துதல், மின்கடத்தி, வெப்பங்கடத்தல் ஆகியவற்றில் அப்பொருள் இன்றும் குற்றமற்று நிற்கிறது. ஆனால் பண்டமோ ஆளோ செயப்படுபொருளாக வந்தால் கடத்தல் குற்றமாகிவிடுகிறது. தங்கக் கடத்தல், அரிசிக் கடத்தல், ஆள்கடத்தல், விமானக் கடத்தல் எனத் தொடர் நீள்கிறது. ஆளைத் தூக்கிச் செல்வதற்கு மலையாளம் தட்டிக்கொண்டுபோகல் என்றும், விமானத்துக்கு ராஞ்சல் என்றும் வேறு சொற்களை ஆள்கிறது. ஒரே வேர், ஒரே வினை; ஒரு மொழியில் படகுக்காரர், மற்றொன்றில் குற்றவாளி.

தமிழிலும் முன்னர் இவ்வடைமொழி இருந்தது. கள்ளக்கடத்தல் என்பது சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் பெருவழக்கு. இன்றும் முதியோர் எழுத்தில் காணலாம். கள்ள என்பது உதிர்ந்து, அதன் பொருள் முழுவதும் கடத்தலுக்குள் இறங்கிவிட்டது. சொற்பொருள் இழிவு என இலக்கணநூலார் இதனைக் கூறி அமைவர். ஆயின் அது ஏன் தமிழ்ப்பக்கத்தில் முழுமையாகவும் மலையாளப் பக்கத்தில் அரைகுறையாகவும் நிகழ்ந்தது? இதற்கு என் விடை வரலாற்றைச் சார்ந்தது. 1955-இல் இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் வந்தது. அரிசி நடமாட்டம் மண்டலங்களுக்குள் அடக்கப்பட்டது. அரிசி விளைந்து வெளிச்செல்லும் பக்கத்தில், உரிமமின்றி ஒரு மூட்டையை எல்லை கடக்கச் செய்வதே குற்றமாயிற்று. கடக்கச் செய்தல் முழுவதும் குற்றமாகும் நிலையில், கள்ள என்னும் அடை மிகை. 1974-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிப் பாதுகாப்பு, கடத்தல் தடுப்புச் சட்டத்தைப் பற்றிய செய்திகள் அவ்வழக்கை ஊரெங்கும் பரப்பின. அரிசியைப் பெறும் பக்கத்திலோ, சரக்கு வருவது வாழ்வுக்குத் தேவை. அங்குக் கடத்து நல்ல சொல்லாகவே நீடிக்க இடமிருந்தது. மலையாளத்திலும் ஸ்வர்ணக்கடத்து, மனுஷ்யக்கடத்து எனச் செயப்படுபொருளின் தன்மையால் குற்றப்பொருள் வருதல் உண்டு. ஆதலின் அங்கும் இச்சொல் அதே வழியில் நடக்கத் தொடங்கியுள்ளது எனக் கருதலாம். இக்கருத்தை உறுதிசெய்ய இருமொழி நாளிதழ்களின் பழந்தொகுப்புகளை ஆண்டுவாரியாக ஆராய்தல் வேண்டும்.

சட்டம் ஒரு செயலை எவ்வளவு பரவலாகத் தடைசெய்கிறதோ அவ்வளவுக்கு அச்செயலின் பொதுச்சொல் கெடுகிறது. கெட்டபின், முறையான செயலைச் சொல்லப் புதுச்சொல் தேடவேண்டியதாகிறது. தமிழ் அதற்குப் போக்குவரத்து, ஏற்றிச்செல்லுதல், கொண்டுசெல்லுதல் என்பவற்றைப் பயன்படுத்துகிறது. ஓட்டுநர்க்கு லோடு அடித்தல்.

இவ்வாயில்களில் ஆவணங்களை மொழிபெயர்ப்போரை இடறச்செய்யும் வேறு சொற்களும் உள. மலையாள அவகாசம் உரிமை. தமிழ் அவகாசம் காலநீட்டிப்பு. பயண உரிமையைக் கேட்டவருக்குப் பயணத்துக்கு நாள்தருவதாக விடை போகக்கூடும். மலையாள அனுவாதம் இசைவு; தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் அதுவே மொழிபெயர்ப்பு. மலையாள நிர்பந்தம் கட்டாயம்; தமிழ் நிர்ப்பந்தம் வற்புறுத்தல். தமிழ்ச் சோதனையை ஒலியொப்புமை கருதி மலையாளத்தில் சோதன என எழுதினால் மலங்கழித்தல் எனப் பொருள்படும் இடமுண்டு. அங்குப் பரிசோதன என்றே எழுதவேண்டும். ஒலி ஒத்திருப்பதே இங்கு இடர். முற்றிலும் வேறான மொழிகளுக்கிடையே பெயர்ப்போர் அகராதியைத் திறப்பர், நாம் திறப்பதில்லை.

5. 2020-ஆம் ஆண்டு

நோய்த்தொற்றுக் காலம் இச்சொற்களை எல்லாம் ஒரே வாரத்தில் தெருவுக்குக் கொண்டுவந்தது. மார்ச்சு மாத இறுதியில் கருநாடகம் காசர்கோட்டு எல்லைச் சாலைகளில் மண்ணைக் கொட்டி அடைத்தது. கேரள உயர்நீதிமன்றம் ஏப்பிரல் 1-இல் அத்தடையை நீக்குமாறு ஆணையிட்டது. மே மாதம் காட்சி மாறியது. கேரளம் ஜாக்ரதா என்னும் இணையவாயிலில் பதிந்து அனுமதி பெற்றோரை மட்டும் ஏற்றது. அனுமதியின்றி வாளையாருக்கு வந்து சேர்ந்தோர், பெரும்பாலும் ஊர் திரும்பிய கேரளத்தவரே, வெயிலில் காத்து நின்றனர். மே 10, ஞாயிற்றுக்கிழமை, உயர்நீதிமன்றம் சிறப்பு அமர்வில் அவர்களை உள்ளே விட வழிசெய்தது; ஆனால் அனுமதி முறையையே தவறெனக் கூறவில்லை. மண்மேட்டை எதிர்த்த மாநிலம் ஐந்தே வாரத்தில் தன் வாயிலையும் காக்கவேண்டியதாயிற்று. இரண்டிலும் அறம் ஒன்றுதான் என நான் வாதிடமாட்டேன். சாலையை மண்ணால் அடைப்பதற்கும் சீட்டுக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. சீட்டு, குறைந்தது, யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பதைச் சொற்களில் எழுதச் செய்கிறது.

எழுதும்போதுதான் சொல்லில்லாமை வெளிப்பட்டது. கம்பம், தேவாரம், போடிநாயக்கனூர்ப் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு விடியலில் ஜீப்புகளில் மலையேறி மாலையில் இறங்குவோர் பெருந்தொகையினர். விளைந்த ஏலக்காயும் அவ்வாறே ஏறி இறங்குகிறது: நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேலம் போடிநாயக்கனூரிலும், எல்லைக்கு மேற்கே புற்றடியிலும் நடைபெறுகிறது. காய்க்கு இரு மாநிலத்திலும் பெயர் உண்டு, பறிப்பவருக்கு இல்லை. வெளிமாநிலத் தொழிலாளரைக் கேரள அரசு அதிதி தொழிலாளி என்றது. விருந்தினர் என்ற அச்சொல்லின் நல்லெண்ணத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அதிதி இரவு தங்குபவர். தமிழ்ச் செய்தித்தாள்கள் ஆண்ட புலம்பெயர் தொழிலாளர் என்பதும் இவர்களுக்குப் பொருந்தாது. இவர்கள் புலம் பெயரவே இல்லை. ஊர் திரும்புவோரை மனத்திற்கொண்டு அமைந்த ஒருவழிப் பயணப் படிவங்களில் இவர்கள் எழுத இடமில்லை. அன்றாடம் எல்லை கடப்போருக்கான தனி அனுமதிகள் பின்னரே வந்தன.

இவர்கள் தம்மை எவ்வாறு குறிப்பிடுகின்றனர் என அறியக் கம்பம்மெட்டுப் பாதையில் சிலரிடம் பேசினேன். கேரளாவுக்கு என்று விடைகூறியவர் மிகச் சிலர். முப்பது ஆண்டுகளாகத் தோட்டவேலைக்குச் செல்லும் ஓர் அம்மாவிடம், படிவத்தில் போகுமிடம் என்னும் கட்டத்தில் என்ன எழுதச் சொன்னீர்கள் எனக் கேட்டேன். மலைக்குத்தானய்யா போறோம், மலைக்குன்னு எழுதச் சொன்னேன் என்றார். எழுதிக்கொடுத்த இளைஞர் அதனை அடித்துவிட்டு உடும்பன்சோலை, இடுக்கி, கேரளம் என மூன்று பெயர்களை எழுதினாராம்.